அன்று கோழிகளுக்கு வந்தது சீக்கு இல்லை

நைனா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. இன்றைக்கு எனக்கு அப்படித் தொடங்க வரவில்லை. கோழிகள் எப்படி இருக்கின்றன? அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. நேற்று மதியம் பெற்ற பிள்ளை நீ போன் செய்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரவுச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன், உன் அப்பா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார். அவருக்குத் தெரியும், எனக்கு மனசு சரியில்லை என்று.

"ம்மா, கோழிங்கல்லாம் வாயைத் தொறந்துகினு மூச்சு வாங்குதுங்க. ரெக்கையத் தூக்கிகினு நிக்குதுங்க. அந்த தபா வந்த சீக்குதான் மறுபடியும் வந்துட்ச்சு போல கீது. எல்லாத்தையும் மாடிப்படிக்குக் கீழ கீற ரூம்ல போட்டு அடைக்கப் போறேன்" என்றாய். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. அடைக்காதே, அடைக்காதே என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். என் வாய் பூந்தமல்லியில் பேசினால் ஆவடியில் கேட்கும் என்று உன் அப்பா கேலி செய்வார். நேற்று அது நீ இருக்கிற திருநின்றவூர் வரைக்கும் கேட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். "சீக்குலாம் இல்ல நைனா, வெக்கை. கதவைத் தொற, வெளிய உடு, கால் நனையறாப்ல தண்ணி வை" என்றேன். நீயும் செய்தாய். சாயங்காலம் எல்லாம் மேய்கின்றன என்று போட்டோ அனுப்பினாய். கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: பார்க்காமலே சீக்கு இல்லை என்று உனக்கு எப்படிம்மா தெரிந்தது?

இந்தக் கடிதம் அந்த ஒரு கேள்விக்குப் பதில். போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், இல்லையென்றால் நீ பாதியில் "சரிம்மா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் கொடுத்து அனுப்புவேன். உன் மனைவி மஞ்சு படிக்கட்டும், கொண்டு வருகிறவர் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஒளித்து வைத்தது போதும்.

முதலில் கோழிகளுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வேண்டியது பிறகு. ஒருவேளை நீ பாதியிலேயே கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் அவற்றுக்கு நல்லது நடக்கட்டும். உன் வீட்டு ஓனர் போட்டிருக்கிற தகர ஷீட் இருக்கிறதே, அது மதியத்தில் தோசைக்கல். அதன் மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் பரப்பு. பக்கத்தில் சாக்கை நனைத்துத் தொங்கவிடு. ஆனால் நாலு பக்கமும் ஈரச் சாக்கால் மூடிவிடாதே, அப்புறம் அது இட்லிப் பானை ஆகிவிடும். காற்று ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போக வழி வேண்டும். தண்ணீரை ஒரே இடத்தில் வைக்காதே. பலமுள்ளது குடிக்கும், பயந்தது ஓரமாக நிற்கும். மூன்று நான்கு மண் சட்டியில், நிழலில், மணலை நனைத்து அதன்மேல் வை. மதியத்துக்குள் இரண்டு முறை மாற்று, சூடான தண்ணீரைக் கோழி தொடாது. தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்தும் போடு. உச்சி வெயிலில் போட்டால் தின்ற சூடும் சேர்ந்துகொள்ளும். நடுவில் தர்பூசணித் தோல், வெள்ளரிக்காய், கீரைத் தண்டு போதும். தண்ணீரில் கொஞ்சம் வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வைக்கலாம். நிழல் நகரும் என்பதை மட்டும் மறக்காதே. காலையில் நிழலாக இருந்த இடம் இரண்டு மணிக்கு வெட்டவெளி. நீ ஷிஃப்டுக்குப் போனால் மஞ்சுவை ஒரு தரம் போய்ப் பார்க்கச் சொல்.

ஒரு கோழி சுருண்டு விழுந்துவிட்டால் பதறாதே. நிழலுக்குத் தூக்கிப் போ. சாதாரணத் தண்ணீரில் காலை மட்டும் நனை, கொண்டையில் ஈர விரலால் தொட்டு வை, அலகு நுனியில் ஒரு சொட்டு வைத்து அதுவே குடிக்க விடு. ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றாதே. எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதே. சீக்கு என்றால் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்தைத் திருப்பும், பொழுது சாய்ந்த பிறகும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாகவே நிற்கும். வெக்கை என்றால் சாயங்காலம் காற்று வந்ததும் கிண்டிக் கிளறத் தொடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போ. ஊசியைக் காலத்தில் போட்டுவிடு. இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

இதெல்லாம் எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. நூம்பலில் என் பிறந்த வீட்டில் எங்கள் சொத்து என்றால் கோழிதான். என் அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நடப் போவாள், நான் வீட்டில் கோழியைப் பார்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் என் பாவாடையில் கோழி எச்சம் ஒட்டியிருந்தது என்று ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் பேரே கோழி வூட்டுப் பொண்ணு. அது சின்ன விஷயம்தான். ஆனால் எனக்குள் அது போகவே இல்லை. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு பாரிவாக்கம் வந்தபோது, இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்காரர், இனி என் வீட்டில் கோழி என்ற பேச்சே கிடையாது என்று முடிவு கட்டினேன். உன்னை டிப்ளமா படிக்க வைத்தோம். கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு நீ கம்பெனி பஸ் ஏறுவதைப் பார்க்க, வேலை இல்லாவிட்டாலும் நான் வாசலில் வந்து நிற்பேன்.

அந்தக் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். நீ வீட்டில் உட்கார்ந்தாய். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அட்டைப்பெட்டியில் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் கொண்டு வந்து இறக்கினாய். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நான் எதிலிருந்து தப்பித்து வந்தேனோ அதை என் பிள்ளையே பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறான். அன்றிலிருந்து நான் உன்னைப் பேசிய பேச்சு கொஞ்சமா? படிச்சவன் கோழி மேய்க்கிறான், ஊர் சிரிக்குது, நாத்தம் குடலைப் பிடுங்குது. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார்த்தாய். தண்ணீர் கேனை அறுத்துத் தண்ணீர்த் தொட்டி செய்தாய், முருங்கை மரத்தடியில் வலை கட்டினாய், ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாய். அது பதினாலாகப் பெருகியது. ஏரிப் பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடியிலிருந்து ஆள் வந்து முட்டை கேட்டார்கள். நீ விசில் அடித்துக்கொண்டு நடந்தாய். கம்பெனிக்குப் போன காலத்தில் நீ ஒரு நாளும் விசில் அடித்ததில்லை. அதை நான் கவனித்தேன், நைனா. கவனித்தும் திட்டினேன். உன் அப்பா தடுத்தால், "கோழி மிதிச்சு குஞ்சு செத்தா பூடும்? நான் பெத்தவ, நான் பேசுவேன்" என்பேன்.

பிறகு, ஆறு வருஷத்துக்கு முன், மஞ்சுவின் வரன் வந்தது. கத்திரி வெயில் தொடங்க நான்கு நாள்தான் இருந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட வேண்டும் என்று ஆவடியிலிருந்து அவள் அப்பா அம்மாவும் பெரியப்பாவும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? கை கழுவப் பின்பக்கம் போவார்கள், போகும்போது எல்லாவற்றையும் பார்ப்பார்கள். முருங்கை மரத்தடியில் பதினாலு கோழி நின்றால் என் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்தேன். காலை பத்து மணிக்கு உன்னை முடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லி கரையான்சாவடிக்கு அனுப்பினேன். உன் தலை மறைந்ததும் ஒவ்வொன்றாகப் பிடித்து மோட்டார் ரூமில் விட்டேன். பிடிக்கவும் கஷ்டமில்லை. நீ வளர்த்தவை, கையில் அரிசியைக் காட்டினால் வந்துவிடும். வலையைச் சுருட்டினேன், கூண்டின் மேல் தார்ப்பாயைப் போட்டேன், எச்சத்தைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டேன். ஒரு மணி நேரம்தானே, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ரூம் உனக்குத் தெரியும். சிமெண்ட் ஷீட் கூரை, ஜன்னல் கிடையாது, நமக்கே உள்ளே போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வருவதற்குள் சட்டை நனைந்துவிடும்.

நீ திரும்பி வருவதற்குள் அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ சமையலறைக்கு வந்து என் காதருகில், "கோழிங்களுக்குத் தண்ணி வெச்சியாம்மா? வெயில் ஓவரா கீது" என்றாய். "வெச்சேன், வெச்சேன், நீ போய் உக்காரு" என்றேன். தண்ணீர்கூட வைக்கவில்லை. வைத்தால் தட்டிவிட்டு ஈரம் கதவுக்கு அடியில் வெளியே வழியும், யாராவது பார்ப்பார்கள் என்று வைக்கவில்லை.

காபியோடு போகவில்லை. பேச்சு நன்றாகப் போனது, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி உன் அப்பா சொல்ல, அவர்களும் சரி என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர். வந்தவர்களுக்கு ஜூஸ் போட ஐஸ் வாங்கி வரச் சொல்லி உன்னைப் பூந்தமல்லிக்கு விரட்டினேன். நீ அந்தப் பக்கம் போக, மஞ்சுவின் அப்பா கேட்டார். "ஏம்மா, தம்பி கோழி வளக்குதாமே, எங்க கீது? எங்க பொண்ணு ஆசையா சொல்லி அனுப்ச்சுது. கோழிங்களப் பாத்துகினு, ரெண்டு போட்டோ எடுத்துகினு வாங்கன்னு" என்றார். நைனா, அந்த இடத்தில் ஒரு வார்த்தை நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இதோ இருக்கிறது, வாங்க காட்டுகிறேன் என்று போய்க் கதவைத் திறந்திருக்கலாம். அப்போது எல்லாம் உயிரோடுதான் இருந்தன. நான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சும்மா வெளையாட்டுக்கு. ஒழிச்சிட்டோம். பையன் மறுபடியும் கம்பெனிக்குத்தான் போவப் போறான்" என்றேன். அவர் முகம் சின்னதானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் கெட்டிக்காரத்தனம் வேறு.

அதற்குப் பிறகு மோட்டார் ரூமிலிருந்து சத்தம் வந்தது. ரெக்கை அடிக்கிற சத்தம், கதவில் கொத்துகிற சத்தம். பக்கத்து வீட்டுச் சத்தம் என்று சொல்லிக்கொண்டே மிக்ஸியைப் போட்டேன். ஐஸோடு திரும்பிய உன்னையும் பின்பக்கம் போகவிடாமல் கூடத்தில் அவர்களோடு உட்கார வைத்தேன். பந்தி நடக்கும்போது உன் அப்பா குழம்புச் சட்டியை எடுக்க வருகிற சாக்கில் உள்ளே வந்து, "இன்னாமே, கோழிங்களத் தொறந்து உட்டியா இல்லியா?" என்றார். "இதோ" என்றேன். அப்போது மஞ்சுவின் அம்மா கூடத்திலிருந்து, குழம்புக்கு என்ன மசாலா என்று கேட்டார். நான் போய் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆறு வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை, நைனா. ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கதவு என் முதுகில்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவளுக்கு அந்த அமைதி என்னவென்று தெரியாதா? தெரியும். அப்போதும் நான் அப்பளம்தான் பொரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் எழுந்தார்கள். நீயும் அப்பாவும் அவர்களை ரோடு வரை கொண்டுபோய் விடக் கிளம்பினீர்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன், தள்ள முடியவில்லை. கதவுக்கு அடியில் இருக்கிற சந்தில் காற்று வரும் என்று எல்லாம் அங்கே வந்து ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. பலமாகத் தள்ளித்தான் உள்ளே போனேன். ஐந்தாறுக்கு இன்னும் மூச்சு இருந்தது. எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. ஜூஸுக்கு வாங்கிய ஐஸ் உருகிப் பாத்திரத்தில் பாதி இருந்தது, அதை எடுத்து வந்து மேலே ஊற்றினேன். அந்தச் செம்பழுப்புப் பெட்டை, நீ ராணி என்று கூப்பிடுவாயே, அது ஒரு தரம் உதறிக்கொண்டு என் கையிலேயே போய்விட்டது. இன்னும் இரண்டும் அப்படியே போயின. அதனால்தான் ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்று இரண்டு தரம் எழுதினேன்.

எல்லாவற்றையும் மூன்று நான்காக மடியில் போட்டுக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் பரப்பினேன். பழையபடி வலையை விரித்தேன். நீ சிரித்துக்கொண்டே வந்தாய், அவர்களுக்குப் பிடித்துவிட்டது போல என்று சொல்லிக்கொண்டே வந்தாய். பார்த்ததும், "ம்மா, இன்னாம்மா ஆச்சு?" என்றாய். "தெரியலடா நைனா. திடீர்னு சோந்து சோந்து உழுந்துச்சுங்க. சீக்கா கீதோ இன்னாவோ" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தை தானாக வந்தது. நீ உடனே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். "ஊசி போட்ருக்கணும். போன வாரமே போட்ருக்கணும். வீடு பாக்க வராங்களேன்னு நான்தான்மா தள்ளிப் போட்டேன்" என்றாய். உன் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. நீயே உன் தலையில் போட்டுக்கொண்டாய், நான் பேசாமல் இருந்துவிட்டேன். பதினொன்றையும் புதைக்க நீ பள்ளம் தோண்டினாய், சுண்ணாம்பு போட்டாய். உன் அப்பா மட்டும் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம், "சீக்குன்னா ஏன்மே ஈரமா கீது?" என்று மெதுவாகக் கேட்டார். சும்மா இருங்க என்று ஒரு முறை முறைத்தேன். அவர் மேல் கோபப்படாதே. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவர் வருஷத்துக்கு நாலு தரம் சொல்வார். என் வீராப்புக்கு முன்னால் அவர் என்ன செய்வார் பாவம்.

நீ கூண்டைப் பிரித்துப் போட்டாய். அடுத்த மாதமே இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனியில் சேர்ந்தாய். நான் ஆசைப்பட்டது நடந்தது. கார்டு மாட்டிக்கொண்டு போனாய். கல்யாணமும் நடந்தது. ஆனால் நீ ஒரு வார்த்தை கற்றுக்கொண்டாய். மஞ்சு முதல் முதலாக மல்லிச் செடி வாங்கி வந்து நடச் சொன்னபோது, "நீயே நடு. என் கை ராசியில்லாத கை" என்றாய். உன் மாமா பையன் கடை திறந்தபோது முதல் வியாபாரம் பண்ணச் சொன்னான், நீ பின்னால் போய் நின்றுகொண்டாய். ஷிஃப்டு வேலை பிடிக்கவில்லை, சொந்தமாக ஏதாவது செய் என்று மஞ்சு சொன்னால், "நான் தொட்டா வெளங்காது" என்பாயாம். அவள் என்னிடம் சொல்லி அழுதாள். பதினொரு கோழியைக் கொன்றதைவிட அது பெரிய பாவம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் கையில் ஒரு குறையும் கிடையாது. ராசியில்லாத கை என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தாழ்ப்பாளைப் போட்ட கை.

சொல்ல வராத நாள் இல்லை. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு வைக்கும்போது சொல்ல வாயெடுத்தேன், நல்ல காரியத்தில் எதற்கு என்று விழுங்கினேன். நீங்கள் தனிக்குடித்தனம் போனபோது பாத்திரம் கட்டிக் கொடுத்துக்கொண்டே நினைத்தேன், போகிற பிள்ளையை அழ வைத்து அனுப்பவா என்று விட்டேன். ஒவ்வொரு தரமும் ஒரு நல்ல காரணம் இருந்தது. உனக்கு நான் சொல்ல ஒரு புத்திமதி உண்டு என்றால் அது இதுதான்: தப்புச் செய்தால் அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடு. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். அவ்வளவுதான். அடுத்த மாதம் மறுபடியும் கூண்டைக் கட்டியிருப்பாய். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று உன் அப்பாவிடம் சவடால் பேசினேனே. மிதித்தால் சாகாதுதான். அடைத்தால் சாகும்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குப் பிழைத்த மூன்று, இரண்டு பெட்டையும் ஒரு சேவலும், சீக்குக் கோழி, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வைத்துக்கொண்டேன். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "உன் கோழிங்கல்லாம் எப்டி கீது?" என்று கேலியாகக் கேட்பாய், பின்பக்கம் மட்டும் போக மாட்டாய். அவை என் கோழிகள் இல்லை. அந்த மூன்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இப்போது இருபத்தாறு இருக்கின்றன. ஊரையே சிரிக்க வைக்கிறான் என்று உன்னைத் திட்டியவள், இப்போது காலையில் கோணியை நனைத்துத் தொங்கவிட்டு, மதியம் நிழல் நகர்கிறதா என்று நான்கு தரம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாவாடையில் எச்சம் ஒட்டியதற்கு அழுதவளுக்கு இப்போது புடவையெல்லாம் எச்சம். நீ கட்டிய வலைதான், நீ அறுத்த கேன்தான் இன்றைக்கும். உன் கை வைத்தது ஒன்றும் வீணாகவில்லை.

மஞ்சுவிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அம்மாடி, அன்றைக்கு நீ ஆசையாகக் கேட்டு அனுப்பியதை இல்லை என்று சொன்னவள் நான்தான். இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இவன் வேண்டாம் என்று மறுத்தும் கேட்காமல் நீயே பத்துக் கோழி வாங்கி வந்தாயே, அந்தப் பிடிவாதத்துக்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நீ வாங்காமல் இருந்திருந்தால் இவன் என்னைக் கேட்டிருக்க மாட்டான், நானும் இதை எழுதாமலே போய்ச் சேர்ந்திருப்பேன். ஆறு வருஷத்தில் என் பிள்ளை என்னிடம் கேட்ட முதல் யோசனை இது.

நைனா, இதைப் படித்த பிறகு உனக்கு என் மேல் என்ன தோன்றினாலும் அது நியாயம். நீ போன் எடுக்காவிட்டால் நான் மறுபடி மறுபடி அடித்துத் தொந்தரவு செய்ய மாட்டேன். வர வேண்டாம் என்று சொன்னால் வர மாட்டேன். வந்து நின்றால் வீட்டுக் கதவை என் முகத்தில் சாத்து, வாங்கிக்கொள்கிறேன். கோழி இருக்கிற கதவை மட்டும், வெயில் காலத்தில், யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனுஷர் வந்தாலும், ஒரு நிமிஷம்கூடச் சாத்தாதே.

உன் அம்மா